சவுரிராயன் கட்டை கேட்கப் போன கதை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மஞ்சள் கட்டடம் இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் கல்யாண மண்டபம் என்று நினைப்பார்கள். அதில் தப்பில்லை கண்ணுகளா. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களே முதல் வாரம் சமையல்கட்டைத் தேடினார்களாம்.

அது காட்சியகம். நவீனக் கலைக்கு ஒன்று, பழைய இசைக்கருவிகளுக்கு ஒன்று என்று இரண்டு காட்சியகம் கட்டத்தான் மேலிடம் மனசு வைத்தது. நிலம் ஒன்றுக்குத்தான் கிடைத்தது. அதனால் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து, நடுவில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கம் போவதானால் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தக் காட்சியகத்துக்குச் சவுரிராயன் தன் பெண்சாதி அக்னஸைக் கூட்டிக்கொண்டு போனது கலை பார்ப்பதற்காக இல்லை. ஒரு கட்டையைத் திருப்பிக் கேட்பதற்காக.

சவுரிராயன் முகையூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் கோயில்பிள்ளை. மாதா கோயிலைக் கூட்டுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, மணி அடிப்பது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர் பாடு. சம்பளம் என்று சொல்லிக்கொள்கிறமாதிரி ஒன்றும் கிடையாது. கோயிலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு, இடுப்பில் கோயில் சாவி, தெருவில் நடந்தால் ஒரு மரியாதை. அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டை விட்டால் அவர்களுக்கு வேறு வீடு இல்லை.

கட்டை என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகள் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில் எல்லா மணியையும் ஒருசேர அடித்து நிறுத்துவார்கள். அதற்கப்புறம் சனிக்கிழமை பாஸ்கா பூசையில் ஆண்டவர் உயிர்க்கிற வரைக்கும் கோயில் மணி வாயைத் திறக்கக்கூடாது. துக்கம். ஆனாலும் சனங்களைக் கூப்பிட வேண்டுமே. அதற்குத்தான் கட்டை. கைப்பிடி வைத்த ஒரு பலகை, அதன் இரண்டு பக்கமும் ஆடுகிறமாதிரி சின்ன மரச்சுத்தியல். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினால் டக்கு டக்கு டக்கு என்று வறட்டுச் சத்தம் வரும். இனிமை என்று பேருக்கும் இருக்காது. சாவு வீட்டுச் சத்தம் வேறெப்படி இருக்கும்? அந்த ஊரில் அதைக் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். வருஷத்தில் அந்த இரண்டு நாளைக்குத்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் பீடத்துக்குப் பின்னால், கை உடைந்த புனிதர் சுரூபங்களோடு படுத்துக் கிடக்கும்.

அப்படிப் படுத்துக் கிடந்த ஒருநாள்தான் காட்சியகத்து ஜீப் வந்தது. ஊர் ஊராகப் பழைய வாத்தியம் சேர்க்கிறோம் என்றார்கள். கட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள், மோந்துகூடப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் காட்சிக்கு வைத்துவிட்டு, கேட்கிறபோது கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். சவுரிராயன் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. பொன்னாடை விழுந்த மனிதன் யாரைக் கேட்டுக் கொடுக்கிறோம் என்று யோசிப்பானா? பூசை வைக்கிற பங்குச் சாமியாரும் அன்றைக்குப் பாண்டிச்சேரி போயிருந்தார்.

அடுத்த தவக்காலம் வந்தது. அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய், புதுச் சாமியார் வந்திருந்தார். கட்டையைக் காணோமே என்று கேட்டார். சவுரிராயன் உள்ளதைச் சொன்னார். சாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றைக்கு இவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

"புதுசா ஒண்ணு பண்றதுக்கு ஆசாரிக்கு ஒருநாள் வேலைதான். பேச்சு அது இல்ல," என்றார் சாமியார். "ஊர்ச் சொத்த நீங்க யாரக் கேட்டுக் குடுத்தீங்க? பெரிய வியாழன் பூசைக்குள்ள அது இங்க வரணும். வரலன்னா சாவிய மேசைமேல வச்சிட்டு வீட்டக் காலி பண்ணிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்னஸ் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அந்தப் பொன்னாடைய எடுத்து வைங்க," என்றாள். "மரத்தடியில படுத்துகினா ராத்திரிக்குக் குளுரும்."

மறுநாள் காலையில் இருவரும் விழுப்புரம் போய் பஸ் மாறினார்கள்.

காட்சியகத்து வாசலில் பச்சைமுத்து என்று ஒரு காவலாளி. செருப்பைக் கழற்றச் சொன்னார். கோயில்மாதிரிதான் போல என்று சவுரிராயன் நிம்மதியாகக் கழற்றினார். அப்புறம் காவலாளி அக்னஸின் கண்ணாடி வளையல்களை ஒரு துணியால் இறுக்கிச் சுற்றினார். சவுரிராயனைப் பார்த்து இருமல் இருக்கிறதா என்றார். கொஞ்சம் இருக்கிறது என்றார் இவர். அப்படியானால் அந்தப் புளியமரத்தடியில் போய் எல்லாவற்றையும் இருமி முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கருவிப் பிரிவு. அதற்கு அதிகாரி ராஜாமணி, ஒல்லியான மனிதர், கிசுகிசு என்றுதான் பேசுவார். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தவில், நாதசுரம், பம்பை, உறுமி, வீணை எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் 'ஒலி எழுப்பாதீர்' என்று எழுதியிருந்தது. வீணையில் தந்தி இல்லை. தவிலுக்குள் பஞ்சு அடைத்திருந்தார்கள். நாதசுரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி வேறொரு அறையில், பூட்டிய பீரோவில் இருந்தது. ஏன் இப்படி என்று சவுரிராயன் கேட்டார்.

ராஜாமணி காரணம் சொன்னார். ஒருநாள் ரோட்டில் ஒரு கல் லாரிக்காரன் பலமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அந்த அதிர்ச்சியில் உள்ளே இருந்த தம்புரா 'ம்ம்' என்றது. பார்க்க வந்தவர்கள் யாருமில்லை. ஆனாலும் சத்தம் சத்தம்தானே. விசாரணை நடந்தது. ராஜாமணிக்கு மெமோ வந்தது. கடைசியில், யாரும் தொடாமல் தம்புரா தன்னிச்சையாகவே ஒலித்திருக்கிறது என்று நிரூபணமானது. உடனே தம்புராமேல் நடவடிக்கை எடுத்தார்கள். தந்தியை உருவிவிட்டார்கள். மற்றக் கருவிகளும் அதைப் பார்த்துக் கெட்டுவிடக் கூடாது என்று, முன்னெச்சரிக்கையாக அவற்றுக்கும் செய்துவிட்டார்கள்.

"ஊமையாக்கி வச்சிருக்காங்க," என்று அக்னஸ் புருஷன் காதில் சொன்னாள். பச்சைமுத்து வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

ராஜாமணி அவர்களை இயக்குநர் சீனுவாசனிடம் கூட்டிக்கொண்டு போனார். இயக்குநர் அறையில் மட்டும் சாதாரணமாகப் பேசலாம். சுவரில் ஒரு கேடயம் தொங்கியது. சத்தமே இல்லாத பொது நிறுவனம் என்று வருஷா வருஷம் வாங்குகிற பரிசு. சவுரிராயன் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் சீனுவாசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த வட்டாரத்தில் இவ்வளவு வாத்தியங்கள் ஒரே இடத்தில் இருந்தும் அமைதி குலையாத இடம் இது ஒன்றுதான்," என்றார். மேடைப்பேச்சு அவருக்கு உட்கார்ந்தபடியே வரும். "மக்கள் கையில் இருந்தபோது இவற்றின் கதி என்ன? கல்யாணம், கருமாதி, திருவிழா என்று அடித்து அடித்தே தேய்த்துவிட்டார்கள். கலையை மக்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் எங்கள் முதல் கடமை. காப்பாற்றிவிட்டோம்."

சவுரிராயன் கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டையை மட்டும் காப்பாற்றாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் நல்லது என்று பணிவாகச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கட்டை கருவிப் பிரிவில் இல்லை. வல்லுநர் குழு அதைப் பரிசோதித்து, இதில் சுருதியும் இல்லை சுரமும் இல்லை, ஆகவே இது இசைக்கருவி ஆகாது என்று தள்ளிவிட்டது. தூக்கிப் போட மனசில்லாமல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீட்டினார்கள். நவீனக் கலைப் பிரிவுக்காரர்கள் கையேந்தி வாங்கிக்கொண்டார்கள்.

சீனுவாசனே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முதல் சுவரில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம், அடியில் 'அம்மா' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கொஞ்சம் சின்ன வட்டம், 'அப்பா'. குடும்பம் ஒற்றுமையாகத்தான் இருக்குது என்றாள் அக்னஸ். அடுத்து, துருப்பிடித்த கம்பியை முறுக்கிச் செய்த ஒரு மனிதன், விலா எலும்பெல்லாம் தெரிய நின்றான். சவுரிராயன் பழக்கதோஷத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசிச் சுவரில் கட்டை இருந்தது. தலைகீழாக மாட்டியிருந்தார்கள். சுத்தியல்கள் ஆடாதபடி நரம்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மேலிருந்து ஒரு விளக்கு அதன்மேல் மட்டும் விழுந்தது. கீழே ஒரு அட்டை: 'நீ பேசாத நேரத்தில் – 3. மரமும் இரும்பும். படைப்பாளி: தேடப்படுகிறார்.'

"ஒண்ணும் ரெண்டும் எங்கங்க சார்?" என்று அக்னஸ் கேட்டாள்.

"அவை இன்னும் தோன்றவில்லை," என்றார் சீனுவாசன். "நவீனக் கலையில் வரிசை கட்டாயமில்லை."

அப்புறம் விதியைச் சொன்னார். இசைக்கருவியாக இருந்தால் திருவிழாவுக்கு இரவல் கொடுக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. ஆனால் இது இசைக்கருவி இல்லை. கலைப்படைப்பை அதைப் படைத்தவரிடம் மட்டும்தான் ஒப்படைக்க முடியும்.

"இத மொதல்ல செஞ்சவரு செத்து நூறு வருஷம் இருக்கும் சார்," என்றாள் அக்னஸ்.

"அப்படியானால் நூறு வருஷமாக அவர் வந்து கேட்கவில்லை," என்றார் சீனுவாசன். "அக்கறை இல்லாத கலைஞர்."

சவுரிராயன் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைகீழாகப் பார்ப்பது அவருக்குப் பாரமாக இருந்தது. அக்னஸ்தான் அவர் முழங்கையில் இடித்தாள்.

"அந்தக் கைப்பிடி யாரு போட்டது? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

கைப்பிடி செல்லரித்துப் போனபோது தான்தான் மம்பட்டிக் காம்பு ஒன்றை வெட்டிப் போட்டதாகச் சொன்னார். சுத்தியல்கள்? அவையும்தான், பழசு தேய்ந்துவிட்டது. பலகை? அது மழையில் ஊறி வெடித்துவிட்டது, கோயில் வேப்பமரம் விழுந்த வருஷம் அதில் ஒரு துண்டு அறுத்து வைத்தார்.

"அப்ப பழசுல மிச்சம் இன்னாதான் இருக்குது?" என்றாள் அக்னஸ்.

சவுரிராயன் யோசித்தார். "சத்தம்தான்," என்றார். "அது மட்டும் அதேதான்."

சீனுவாசன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். தேடப்பட்ட படைப்பாளி கிடைத்துவிட்டார். ஆனால் படைப்பாளி தன் படைப்பைத் திரும்பப் பெறுவதற்கு முன்னால், அதைப்பற்றி ஒரு கலைஞர் உரை ஆற்ற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதற்குச் சென்னையிலிருந்து ஒரு கலை விமர்சகர் வர வேண்டும். அவர் ஓய்வாக இருக்கிற நாள் ஒன்றே ஒன்றுதான். பெரிய வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை, காட்சியகம் பூட்டிவிடும்.

"அன்னைக்குச் சாயங்காலம் எங்களுக்குப் பூசை சார்," என்றார் சவுரிராயன்.

"காலையில்தான் வைக்கிறோம்," என்றார் சீனுவாசன் பெரிய மனசோடு.

சொன்னபடி அழைப்பிதழ் வந்தது. சவுரிராயன் புளியமரத்தடியில் இருமிக்கொண்டிருந்தபோது எடுத்த புகைப்படம் அதில் இருந்தது. மௌனத்தை விசாரிப்பவர், தனிமையில் வாழ்பவர் என்று அவரைப்பற்றி எழுதியிருந்தார்கள். அக்னஸ் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அதை எடுத்துச் சட்டியை மூடினாள். அன்றைக்கு மத்தியானம் சவுரிராயன் சாப்பாடு கேட்டபோது, "தனிமையாண்ட போய்க் கேளுங்க, வடிச்சிப் போடும்," என்றாள்.

பெரிய வியாழக்கிழமை காலையில் நவீனக் கலைப் பிரிவில் நாற்காலி போட்டிருந்தார்கள். கைதட்டக்கூடாது. பிடித்திருந்தால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டலாம். சீனுவாசன் வரவேற்றார், எல்லாரும் கையை ஆட்டினார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிறமாதிரி இருந்தது. பிறகு சவுரிராயனைப் பேசச் சொன்னார்கள்.

எழுந்து நின்றார். அக்னஸ் பின்வரிசையிலிருந்து தண்ணீர் செம்பை நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "மணி அடிக்கக் கூடாத நாள்ல இத அடிப்போம்ங்க. சனிக்கெழம மணி அடிச்சதும் இத வச்சிடுவோம்ங்க. அவ்ளோதான்."

விமர்சகர் எழுந்தார். இந்த இரண்டே வாக்கியத்தில் நம் காலத்தின் முழு வேதனையும் அடங்கியிருக்கிறது என்று தொடங்கி, வெயில் நடு ஜன்னலுக்கு வருகிற வரைக்கும் பேசினார். அடிக்க முடியாத மணி நாம்தான் என்றார். வைத்துவிடப்பட்ட கட்டையும் நாம்தான் என்றார். பச்சைமுத்துகூடக் கையை ஆட்டினார். சவுரிராயன் ஜன்னல் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய்ச் சேர எத்தனை பஸ் மாற வேண்டும் என்று அவருக்குத்தானே தெரியும்.

கடைசியாக விமர்சகர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் படைப்பு முழுமை அடைந்துவிட்டதாக நீங்கள் உணர்கிறீர்களா?"

பொய் சொல்ல வேண்டிய இடம் என்று சவுரிராயனுக்குத் தோன்றவில்லை. அது அவர் இயல்பும் இல்லை.

"இல்லைங்க," என்றார். "எடப்பக்கத்துச் சுத்தியல்ல ஒரு ஆணி ஆடுதுங்க. மாத்தணும்னு இருந்தேன். அதுக்குள்ள ஜீப்புல ஏத்திட்டாங்க."

விமர்சகர் இரண்டு கையையும் தூக்கினார். சீனுவாசன் தூக்கவில்லை. அவர் முகம் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆகிவிட்டது.

"முடியலையா?" என்றார். அந்தக் கூடத்தில் அவர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

முழுமையடையாமைதான் இதன் சாரம் என்று விமர்சகர் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"சாரம் உங்களுக்கு, ஓய்வூதியம் எனக்கு," என்றார் சீனுவாசன். "முடியாத பொருளை ஒரு வருஷமாகச் சுவரில் மாட்டி, விளக்குப் போட்டு, காவல் வைத்திருக்கிறேன். தணிக்கைக்காரன் வந்தால் இது கலையா என்று கேட்கமாட்டான். அதை இந்தக் கட்டடத்தில் இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை. வேலை முடிந்ததா என்றுதான் கேட்பான். இல்லை என்றால் என்னைத் தூக்கிவிடுவான்."

அக்னஸ் எழுந்து வந்தாள். "எங்க வூட்டுக்கு எடுத்துகினு போயி ஆணி அடிச்சி, வேலைய முடிச்சிட்டுச் சொல்றோம் சார்," என்றாள்.

சீனுவாசன் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் முடியாததைப் படைப்பாளியிடம் ஒப்படைக்க விதி இல்லை, வேலை முடிகிற வரைக்கும் அதிகாரி ஒருவர் கூடவே இருக்க வேண்டும், முடிந்த அந்த நிமிஷமே தணிக்கைக்குக் காட்டப் பொருளோடு திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். நவீனக் கலைப் பிரிவு அதிகாரி, முடியாதது கலை இல்லை, ஆகவே என் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். மெமோ வாங்கிய ஆள் என்பதால் ராஜாமணியை அனுப்பினார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து, டிரைவர் தேடிக் கிடைத்து, ஜீப் கிளம்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. விழுப்புரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சவுரிராயன் கட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்னஸ் பின்னாலிருந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே, நடுநடுவே டிரைவரை ஜல்தி ஜல்தி என்றாள். ஊருக்குள் ஜீப் நுழையும்போது சாமியார் பூசை உடுப்புப் போட்டுக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றார். கட்டையைப் பார்த்தார். சவுரிராயன் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"மணி அடிக்கப் போங்க, நேரமாவுது," என்றார்.

வீடு தப்பியது என்று அக்னஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் கண்ணுகளா, முழுசாகத் தப்பவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலம் போகாமல் கட்டை திரும்பிப் போனால், அந்தச் சாமியார் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஆணியை அடிக்காமல் தெருவுக்குக் கொண்டுபோனால் சுத்தியல் பறந்து யார் மண்டையிலாவது விழும். அடித்தாலோ வேலை முடிந்துவிட்டது, ராஜாமணி கையோடு கொண்டுபோய்விடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சவுரிராயன் ராஜாமணி கண்ணெதிரிலேயே ஆணியை அடித்தார். மறைத்துச் செய்ய அவருக்குத் தெரியாது. அடித்துவிட்டு, "முடிஞ்சிதுங்க," என்று சொல்ல வாயெடுத்தார். அக்னஸ் அவர் காலை மிதித்தாள். ராஜாமணி சுத்தியலை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆணி ஆடாமல் ஒழுங்காக நின்றது. அவர் கட்டையைச் சவுரிராயன் பக்கமே தள்ளி வைத்தார். ஊர்வலம் தொடங்கும் நேரம் வந்ததும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கூடவே நடந்தார்.

முதல் தெருவில் சவுரிராயன் கட்டையை உலுக்கினார். டக்கு டக்கு டக்கு. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஆண்டவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பின்னால் வந்தார்கள். திருப்பத்தில் ராஜாமணி கையை நீட்டினார். சவுரிராயன் கட்டையை இறுக்கிப் பிடித்தார். பறித்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தார். சாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்வலத்தில் சண்டை வேண்டாம் என்று சவுரிராயன் கொடுத்துவிட்டார்.

ராஜாமணி அதை வாங்கி, முதலில் மெதுவாக, பிறகு பலமாக உலுக்கினார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து சீனுவாசன். ராஜாமணி ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டார். இன்னொரு கை நிற்கவில்லை.

வேலை முடிந்ததா என்று கேட்டார் சீனுவாசன். பிறகு, "அங்கே என்னய்யா சத்தம்?" என்றார்.

"வேலை நடந்துகினு இருக்குதுங்க சார்."

"எப்போதுதான் முடியும்?"

ராஜாமணி எதிரே பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் சனங்கள் முட்டிபோட்டுக் காத்திருந்தார்கள்.

"இன்னும் மூணு தெரு இருக்குதுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.